கிணற்று நஞ்சும் நுண்ணுயிர்ச் சிகிச்சையும்

திண்டுக்கல் சமவெளியில் தோல் பதனிடும் சாலைகளை அடுத்துள்ள கிராமங்களுக்குச் செல்லுங்கால், நிலமுடைய விவசாயிகள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கெட்டுப்போன கிணற்று நீரைப் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் சுத்தி செய்துவிடும் என்கிறார்களே, அதனைப் பீப்பாயில் வாங்கிக் கிணற்றில் ஊற்றலாமா?" என்பதே அது. பாட்டனார் வெட்டிய கிணறு தம் கண்ணெதிரே கெட்டுப்போனதைக் கண்டவர்கள், நம்பிக்கை தரும் எந்தச் சொல்லையும் பற்றிக்கொள்ள விரும்புவது இயற்கையே. ஆதலின் இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தை ஒளியாது எழுதுவது கடமை என்று கருதுகிறோம்.

சுருங்கக் கூறின், நுண்ணுயிர்ச் சிகிச்சை பொய்யன்று. பல தேசங்களில் சோதித்து அறிந்த உண்மை. ஆனால் கிணற்றில் இருக்கும் நஞ்சு இன்னதென்று அறியாமலும், அது வரும் வழியை அடைக்காமலும் அச்சிகிச்சையைக் கையாளுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். அதனினும் கேடாவது, "நுண்ணுயிர் வந்து சுத்தி செய்துவிடும்" என்ற பேச்சையே சாக்காகக் கொண்டு கழிவு நீரை மேலும் வெளியே விடுவதாகும்.

நமது கிணறுகளின் நிலை

சிறுமலைக்கும் பழனிமலைச் சாரலுக்கும் நடுவே கிடக்கும் இந்தப் பிரதேசம் கற்பாறைப் பூமி. நிலத்தடி நீர், மேலே இற்றுப்போன பாறை அடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்கி நிற்பது. குடகனாறு வடக்கே ஓடி அமராவதியிற் கலப்பதாயினும், ஆண்டில் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். ஆகையால் வெங்காயம், மிளகாய், மக்காச்சோளம், நிலக்கடலை, மல்லிகை, முருங்கை முதலிய சாகுபடிகளெல்லாம் கிணற்றையே நம்பி நிற்கின்றன. கிணறு கெட்டால் தோட்டக்கால் மானாவாரியாக மாறும். நிலத்தின் மதிப்பு குறையும். பெண் கொடுப்பாரும் அவ்வூருக்குக் கொடுக்கத் தயங்குவர்.

கேட்டின் அளவு என்ன என்பதற்கு நீதிமன்ற ஏடே சாட்சி. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் தேதி தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் எடுத்த கணக்கு அத்தீர்ப்பிலே குறிக்கப்பட்டிருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பது அக்கணக்கு. நான்கில் மூன்று பங்கு! மாசு செய்தவரே அதற்குரிய செலவைத் தாங்க வேண்டும் என்னும் நியாயத்தையும், தீங்கு நேரும்முன் தடுக்க வேண்டும் என்னும் நியாயத்தையும் நம் தேசத்துச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நமது ஜில்லா உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2005இல், ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் குடகனாற்று மேற்படுகையின் கிணற்று நீரைப் பற்றிய தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சோடியமும் குளோரைடும், அதாவது நாம் நாள்தோறும் உண்ணும் உப்பின் இரண்டு கூறுகளும், தோல் சாலைகளை அடுத்த நீரில் மிகுந்திருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். இது கவனத்தில் வைக்கத் தக்கது. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கிணற்றில் வந்து சேர்ந்தவை எவை?

தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிட்டு வைக்கிறார்கள். சாலைக்கு வந்ததும் அவ்வுப்பை நீரில் ஊறவைத்துக் கழுவி விடுகிறார்கள். பின்பு சுண்ணாம்பும் சோடியம் ஸல்பைடும் இட்டு மயிரை நீக்குகிறார்கள். அதன்பின் பதனிடுதல். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே இதற்குப் பயன்பட்டன. பட்டை உரித்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் பல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். குரோமியமிட்ட தோல் நீரில் ஊறினாலும் விரைவில் கெடாது. ஆகவே கமலை இறைக்கும் தோற்பைக்கு அது ஏற்றது என்று அக்காலத்தில் கருதப்பட்டது. கிணற்று நீரை இறைக்க உதவ வந்த பொருளே பின்னாளில் கிணற்றைக் கெடுத்தது காலத்தின் விபரீதம் அல்லவா?

பதனிடும்போது இடுகிற குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. பழைய முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவோடு போய்விடும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று மேற்சொன்ன தீர்ப்பு கூறுகிறது. அந்த நீரே வாய்க்காலிலும் குளத்திலும் புன்செய்யிலும் தேங்கிப் பாறை வெடிப்பின் வழியே இறங்கியது. ஆக, கிணற்றுக்கு வந்த பிணிகள் இரண்டு: ஒன்று உப்பு, மற்றொன்று குரோமியம்.

நுண்ணுயிர் செய்வது யாது?

பாக்டீரியா என்றதும் நோய்க்கிருமி என்று மட்டும் எண்ணலாகாது. நிலக்கடலையும் உளுந்தும் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பது அவற்றின் உதவியாலே என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அவ்வாறே சில நுண்ணுயிர்கள் உலோக நஞ்சுகளின் நிலையை மாற்றவும் வல்லவை.

குரோமியம் பெரும்பாலும் இரண்டு நிலைகளிற் காணப்படும். மூன்றாம் நிலைக் குரோமியம் நீரில் அதிகம் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நஞ்சும் குறைவு. ஆறாம் நிலைக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து வெகுதூரம் செல்லும். புற்றுநோயை உண்டாக்க வல்லது. ஆறாம் நிலையை மூன்றாம் நிலைக்கு இறக்கும் பாக்டீரியா உண்டென்பதை ரஷ்ய விஞ்ஞானிகள் ரோமனென்கோ, கோரென்கோவ் என்போர் 1977இல் வெளியிட்டனர். அதன்பின் தோல் சாலைக் கழிவிலும் சுரங்க மண்ணிலுமிருந்தே இத்தகைய நுண்ணுயிர்கள் பலவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. உலோகம் உலோகமாகவே இருக்கும். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று இல்லாமற் செய்வதில்லை. கரையும் நஞ்சைக் கரையாத நஞ்சாக மாற்றி மண்ணிலே நிறுத்தி வைக்கிறது. கட்டிப் போட்ட மாடு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொள்வதுபோல, மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்ஸைடுகள் மூன்றாம் நிலைக் குரோமியத்தின் ஒரு பகுதியை மீண்டும் ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடவும் கூடும்.

பாஷாணம் தரும் பாடம்

ஆர்ஸெனிக் என்னும் பாஷாணத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். தென்னாப்பிரிக்காவில் கால்நடைகளின் உண்ணிகளை ஒழிக்கப் பாஷாணம் கலந்த தொட்டியில் மாடுகளை முக்கி எடுப்பது வழக்கமாயிருந்தது. நாள் செல்லச் செல்லத் தொட்டியின் வீரியம் மாறுவதைக் கண்டு ஆராய்ந்த கிரீன் என்பார், 1918இல் அத்தொட்டியிலிருந்தே இரண்டு பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்தார். ஒன்று, கொடிய நிலையிலுள்ள பாஷாணத்தை அத்துணைக் கொடுமையில்லாத நிலைக்கு மாற்றியது. மற்றொன்று அதற்கு நேர்மாறாகச் செய்தது. ஒரே தொட்டியில் வைத்தியனும் பகைவனும்!

வங்காளத்தில் நேர்ந்தது இதனினும் பெரிய பாடம். மேற்கு வங்காளக் கிராமங்களில் தோல் நோயோடு வந்தவர்களின் பிணிக்குக் குழாய்க் கிணற்று நீரிலுள்ள பாஷாணமே காரணம் என்று கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சாஹா 1983இல் கண்டறிந்தார். எந்தத் தொழிற்சாலையும் அதைக் கொட்டவில்லை. காற்றுப் புகாத வண்டல் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மண்ணின் இரும்புத் துருவைக் கரைக்க, அத்துருவில் ஒட்டியிருந்த பாஷாணம் நீரில் இறங்கிற்று என்பதே பின்னர் வலுப்பெற்ற கொள்கை. அதை நீக்கும் வழிகளில் ஒன்று, நீருக்குக் காற்றூட்டி, இரும்பைத் துருவாக்கும் நுண்ணுயிர்களையும் பாஷாணத்தின் நிலையை மாற்றும் நுண்ணுயிர்களையும் வளரச் செய்து, பாஷாணத்தைத் துருவோடு படியவைப்பது.

வாசகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாஷாணத்தைப் பிடிக்கக் காற்று வேண்டும். குரோமியத்தைப் பிடிக்கக் காற்றில்லா நிலையும் நுண்ணுயிருக்கு இரையும் வேண்டும். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு விஷமாகலாம். ஆகையால் "எல்லா நஞ்சையும் நீக்கும் ஒரே நுண்ணுயிர் மருந்து" என்று எவரேனும் பீப்பாயோடு வந்தால், அவர் அறியாதவராதல் வேண்டும். அன்றேல் நம்மை அறியாதவர் என எண்ணுபவராதல் வேண்டும்.

அயல்நாட்டு அநுபவம்

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஹிங்க்லி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் கம்பெனியார் 1952 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, குளிர்விக்கும் கோபுரங்களில் துருப் பிடியாதிருக்கக் குரோமியம் உபயோகித்து, அந்நீரைக் குட்டைகளில் விட்டனர். ஊராரின் கிணறுகள் கெட்டன. 1996இல், நம் தேசத்துத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், 33 கோடியே 30 இலட்சம் டாலர் நஷ்ட ஈட்டுக்குக் கம்பெனியார் இசைந்தனர்.

அதன்பின் அவர்கள் கையாண்ட முறைகளில் இரண்டு நமக்கு வேண்டியவை. முதலாவது, நிலத்தடியில் சாராயச் சத்தைச் செலுத்தி, அங்கேயே இயற்கையாக உள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாக்கி, குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்குவது. வெளியிலிருந்து நுண்ணுயிரைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கவில்லை. உள்ளூர் நுண்ணுயிருக்கு இரையிட்டாலே போதும் என்பதைக் காண்க. இரண்டாவது, மாசுற்ற நீரைக் குதிரைமசால் போன்ற தீவனப் பயிருக்குப் பாய்ச்சி, வேரடி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே குரோமியத்தை மேல்மண்ணில் நிறுத்துவது. இரண்டும் பலன் தந்தன. ஆயினும் நிலத்தடியில் இரையிட்ட இடங்களில் காற்று அற்றுப்போனதால் மாங்கனீஸும், இரும்பும், சில இடங்களில் பாஷாணமுங்கூட, பாறை மண்ணிலிருந்து கரைந்து வந்தன. ஒரு நஞ்சைப் பிடிக்கப்போய் மற்றொன்றை அவிழ்த்துவிடும் அபாயம் உண்டென்பதை அவர்கள் கண்டு, சோதனைக் கிணறுகள் பல அமைத்து ஆண்டுக்கணக்கில் நீரைப் பரிசோதித்து வருகிறார்கள். அவர்களிடம் பணமும், சோதனைச் சாலையும், மேற்பார்வை செய்யும் அதிகார சபையும் இருந்தன. வெறும் பீப்பாய் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் ராஜ்யத்திலேயே இராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் தொழிற்சாலை இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுச் சென்றது. ஆறாம் நிலைக் குரோமியம் மிகுந்த அத்தகைய இடத்தில் இச்சிகிச்சைக்கு வேலை உண்டு. நம் திண்டுக்கல்லில் நிலைமை வேறு. இங்குள்ள சாலைகளின் கழிவில் குரோமியம் பெரும்பாலும் மூன்றாம் நிலையிலேயே வெளிவருகிறது. ஆகவே, கிணற்றில் ஆறாம் நிலைக் குரோமியம் உண்டா, எவ்வளவு என்பதைப் பரிசோதித்து அறிந்த பின்னரே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

உப்பை எந்த நுண்ணுயிரும் நீக்காது

இப்பொழுது முன்பு குறித்த உப்பிற்கு வருவோம். எமது வாதத்தின் மையம் இதுவே. சோடியத்தையும் குளோரைடையும் கரையாத பொருளாக்கிப் படியவைக்கும் நுண்ணுயிர் ஒன்றும் இல்லை. நம் சமவெளியில் பயிரைக் கருக்கியதும், மண்ணை இறுகச் செய்ததும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும்படி நீரைக் கெடுத்ததும் பெரும்பாலும் இவ்வுப்பே. நுண்ணுயிரால் குரோமியம் முழுதும் நீங்கியதென்றே வைத்துக்கொண்டாலும், அந்நீரில் வெங்காயம் விளையாது.

உப்புக்கு மருந்து இரண்டே. ஒன்று, தோல் சாலையின் வாயிலிலேயே அதைத் தடுப்பது: தோலில் ஒட்டிய உப்பை ஊறவைக்குமுன் தட்டி எடுத்தல், ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயிலில் வற்றவைத்தல், எஞ்சிய நீரைச் சவ்வு வடிகட்டியால் சுத்தி செய்து மீண்டும் உபயோகித்தல். மற்றொன்று, நல்ல மழைநீர் கிணற்றைச் சுற்றி இறங்கும்படி கண்மாய்களையும் குளங்களையும் சீர்செய்து, பல ஆண்டு பொறுத்திருப்பது. சோடியத்தால் இறுகிய மண்ணுக்கு, மண் பரிசோதனையின்படி ஜிப்ஸம் இட்டு, வடிகால் அமைத்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் நன்மை தரும்.

தோல் தொழிலை மூடிவிட வேண்டும் என்று யாம் கூறவில்லை. அத்தொழிலை நம்பி நகரிலும் கிராமத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள விலையில் தோலின் பங்கும் உண்டு. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், கழிவிலிருந்து குரோமியத்தை மீட்கும் முறையையும், பதனிடுதலில் நீரே இல்லாமற் குரோமியத்தை ஏற்றும் முறையையும் கண்டு கொடுத்திருக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளில் அழுகும் பொருளைத் தின்று நீரைத் தெளிவிப்பதும் பாக்டீரியாக்களே. நுண்ணுயிருக்குரிய முதல் இடம் அந்தத் தொட்டிதான். விவசாயியின் கிணறு அன்று. சாலைக்குள் முடிக்க வேண்டிய வேலையைக் கிணற்றுக்குத் தள்ளுவது, ஒருவர் உண்ட இலையை மற்றொருவர் எடுக்கும்படி செய்வதாகும்.

விவசாயிகள் செய்யத் தக்கவை

கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், பரிசோதனைக்கு அனுப்புங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மும்முறை அலம்பி, நிறைத்து மூடி, ஸர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுக. உப்பின் அளவோடு குரோமியத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். குரோமியத்துக்குரிய புட்டியைச் சோதனைச் சாலையாரிடமே பெற்றுக்கொள்வது நலம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேலும், பாஷாணம் 0.01 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது. பாசன நீரில் குரோமியத்துக்கு 0.1 மில்லிகிராம் என்பது உலக உணவு விவசாய ஸ்தாபனத்தார் வகுத்த எல்லை.

எல்லை கடந்த நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று வீட்டுப் பெண்டிர் எண்ணக்கூடும். காய்ச்சுவதால் நோய்க்கிருமி சாகும். உலோக நஞ்சு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் அறவே விலக்க வேண்டும். தோல் சாலைச் சேற்றை மலிவான எரு என்று வயலில் இடாதீர்கள். தோல் துண்டுகளையும் அச்சேற்றையும் எரிப்பதும் கூடாது. தீயில் மூன்றாம் நிலைக் குரோமியம் ஆறாம் நிலைக்கு ஏறும்.

நுண்ணுயிர்ச் சிகிச்சை செய்வதாக எவரேனும் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நஞ்சுக்கு? எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு? முன்னும் பின்னும் பரிசோதித்துக் காட்டுபவர் யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை வாராத வரையில் பணப்பையைத் திறக்க வேண்டாம். ஆறாம் நிலைக் குரோமியம் உண்மையிலேயே மிகுந்திருந்தால், விவசாயப் பல்கலைக்கழகத்தாரின் மேற்பார்வையில் ஒரு சிறு வயலிற் சோதனை தொடங்கலாம். அங்கு விளைந்த தீவனத்தைப் பரிசோதிக்குமுன் மாட்டுக்குப் போடலாகாது. குடிக்கும் கிணற்றில் மட்டும் எந்த இரையையும் கொட்ட வேண்டாம். நீர் அழுகிக் கெடுவதே முதற் பலனாகும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

அடங்கலில் ஒவ்வொரு ஸர்வே நம்பருக்கும் பயிரும் பாசன ஆதாரமும் எழுதப்படுகின்றன. ஆனால் கிணறு என்று எழுதுகிறோமேயன்றி, அக்கிணற்றின் நீர் எப்படிப்பட்டது என்று எழுதுவதில்லை. கெட்ட கிணறும் நல்ல கிணறும் கணக்கில் ஒன்றே! கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் சேர்ந்து, கிராமத்துக்கு ஒரு கிணற்று நீர்ப் பதிவேடு ஏற்படுத்த வேண்டும். ஸர்வே நம்பர், ஆழம், உப்பின் அளவு, குரோமியத்தின் அளவு, பரிசோதித்த தேதி, அருகிலுள்ள கழிவு நீர் வாய்க்கால் ஆகிய ஆறு கலங்கள் போதும். செலவு அற்பம், பயனோ பெரிது.

ஏனெனில் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம் கிராமங்களுக்காகப் பேசியது எந்தத் தலைவரின் பிரசங்கமும் அன்று. 467, 350 என்னும் இரண்டு எண்களே. வீடுவீடாகச் சென்று கிணறுகளை எண்ணி எழுதியவர்கள் இருந்ததால் நியாயம் கிடைத்தது. இனி நஷ்ட ஈடு கேட்பதற்கும், கழிவு விடும் சாலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடம் சுட்டுவதற்கும், நுண்ணுயிர்ச் சிகிச்சை பலித்ததா என்று பார்ப்பதற்கும் அதுபோன்ற எண்களே வேண்டும். முன்னிருந்த அளவை எழுதி வையாதவன், பின் குறைந்ததா என்று எங்ஙனம் அறிவான்?

விஞ்ஞானம் தரும் நுண்ணுயிரை நாம் மனமுவந்து ஏற்போம். அது நல்ல வேலைக்காரன். இன்ன வேலை என்று காட்டி, கூடவே நின்று மேற்பார்த்தால் நன்றாக உழைக்கும். ஆனால் மடையை அடைப்பது அதன் வேலையன்று; நம்முடையது. முதலில் மடையை அடைப்போம். பிறகு கிணற்றைப் பரிசோதிப்போம். அதன் பின்னரே வேலைக்காரனை அழைப்போம்.